திருவிழாவுக்கு முதுகு காட்டி நின்றவர்கள்

1

எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஏவுகணையை இறக்கிக்கொண்டு போய் நேற்றோடு ஒரு வருஷம். அதை ஞாபகப்படுத்துவதுபோல் நேற்றுக் காலை என் சமையலறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. முதல் சொட்டு சரியாகத் தோசைக்கல்லில் விழுந்து சுர்ரென்றது.

நான் எட்டாவது மாடியில் இருக்கிறேன். எனக்கு மேலே மொட்டைமாடிதான். ஏவுகணைத் தாங்கியை நிறுத்த அங்கே நாலு இடத்தில் துளை போட்டு முளை அடித்திருந்தார்கள். போகும்போது அடைத்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு பனிக்காலம் அந்த அடைப்பைத் தின்றுவிட்டது. கட்டட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் புகார் எழுத உட்கார்ந்தேன். 'ஒழுகலுக்குக் காரணம்' என்ற இடத்தில் நாமாக எதையும் எழுத முடியாது, பட்டியலிலிருந்து ஒன்றைத் தொடவேண்டும். மழை, பனி, மரக்கிளை, பறவை, குடியிருப்பவரின் கவனக்குறைவு. ஏவுகணை இல்லை. பறக்கிற சாமான்தானே என்று 'பறவை'யைத் தொட்டேன். அரைமணியில் பதில் வந்தது: 'எந்த வகைப் பறவை?'

இந்த நகரத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்வதில்லை என்று எங்கள் கட்டடத்து ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஐரோப்பாவின் வடக்கே, கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் இன்ஜினீயரிங் முடித்து, மேல்படிப்புக்கு வந்து, டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிற அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டு ஐந்து வருஷம் ஆகிறது. சொந்த ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூர். அங்கே எங்கள் வீட்டுக்குப் பெயரே 'மிலிட்டரி வீடு'தான். இந்தக் கதையில் நான் செய்த தப்பு முழுக்க அந்தப் பெயரிலிருந்து வந்தது.

2

போன வருஷம் இங்கே பெரிய தடகளப் போட்டி நடந்தது. பத்து நாள், எத்தனையோ நாடுகள், எங்கள் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்து அரங்கத்தில் தினமும் நிறையக் கூட்டம். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு கடிதம் கிடந்தது. போட்டி நடக்கும் நாட்களில் வான்வழித் தாக்குதலைத் தடுப்பதற்காக எங்கள் மொட்டைமாடியில் ராணுவத்தின் ஏவுகணைப் பிரிவு ஒன்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, பால்கனியில் பார்பிக்யூ போடவேண்டாம்.

எல்லோரும் பதறிப்போனார்கள். நான் மட்டும் துள்ளினேன். ராணுவ வீட்டுப் பெண்ணுக்கு வேறு எப்படி இருக்கும்? உடனே இலத்தூருக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

என் அண்ணன் சுடலைமுத்து பதினேழு வருஷம் ராணுவத்தில் வான் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். ஹவில்தாராக வெளியே வந்து, இப்போது தென்காசியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிறான்.

"அண்ணே, எங்க மாடியில மிசைல் வைக்கப்போறாவ!"

"ஏட்டி, துணி காயப்போட எடம் இருக்காது, பாத்துக்கோ," என்றான். அவ்வளவுதான். மதினி பின்னால் சிரிப்பது கேட்டது.

கட்டடத்துக் கூட்டத்துக்கு ஒரு கேப்டன் வந்தார். வரைபடத்தை விரித்துப் படிப்படியாகச் சொன்னார். முதலில் நகரத்து வானமே மூடப்படும். மீறி வந்தால் ரேடார் பார்க்கும். போர் விமானம் போய் பக்கத்தில் பறந்து திரும்பிப் போகச் சொல்லும். அதற்கும் கேட்காவிட்டால்தான் மாடியில் இருப்பது. அதையும் மாடியில் இருப்பவர் நினைத்தபடி சுட முடியாது, மேலிடத்து உத்தரவு வேண்டும். "இதைச் சுடாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போவதற்காகத்தான் கொண்டுவருகிறோம்," என்றார்.

ஐந்தாவது மாடி மார்த்தா எழுந்தார். அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசை. "இது வருவதற்கு முன்னால் எங்கள் கட்டடத்தை யாருக்கும் தெரியாது. இனிமேல் வருகிறவன் முதலில் எங்களைத்தானே பார்ப்பான்?"

கேப்டன் தண்ணீர் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன். நான் இந்த நாட்டு மொழியைப் பேசிப் பழகியது எதிர்வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம். அதனால் அவசரத்தில் எல்லோரையும் 'நீ' போட்டுத்தான் பேச வரும். அத்தனை பேர் முன்னால் ராணுவக் கேப்டனைப் பார்த்து, "நீ கொஞ்சம் உட்காரு, நான் சொல்றேன்" என்றேன். கூட்டம் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, குற்றாலத்தைச் சொன்னேன்.

3

சாரல் காலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. சிப்ஸ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரெண்டு எட்டு வைப்பதற்குள் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு கடையில் மட்டும் குரங்கு அண்டவே இல்லை. அந்தக் கடைக்காரர் மடியில் உண்டிவில் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தய வீரனாகத் திரிந்த அண்ணன் கிட்டே போய்ப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கல்லு எங்க?"

"கல்லு எதுக்குலே? போன வருசம் ஒரு தடவ போட்டேன். அதுக அதுகளுக்குள்ள பேசிக்கிடும்."

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். கேப்டன் வாய்விட்டுச் சிரித்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மார்த்தா மட்டும் சிரிக்கவில்லை. "குரங்குக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது. சாவதற்கென்றே வருகிறவன் உண்டிவில்லைப் பார்த்துப் பயப்படுவானா?"

பதில் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் அண்ணனிடம் கேட்டேன். அவன் வங்கி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சாக வாரவனும் வேல முடியாம சாக விரும்பமாட்டான். நடக்காதுன்னு தோணிட்டா வேற எடம் பாப்பான்."

"அப்ப அந்த வேற எடத்துல இருக்கவங்க?"

"அங்கன ஒரு சுடலைமுத்து நிப்பான். ஒனக்கு ஆபீஸ் இல்லையாட்டி?"

முதல் பாதியை மார்த்தாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, சுட்டே விட்டார்கள் என்று வை. அந்தத் துண்டுகள் எங்கே விழும்?" என்றார். அதற்கு அண்ணனும் பதில் சொல்லவில்லை, கேப்டனும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டால், ஆயிரக்கணக்கான பேர் ஓரிடத்தில் கூடும்போது காவல் இருக்கத்தான் வேண்டும், அது கண்ணில் படவும் வேண்டும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. மார்த்தாவின் அந்தக் கேள்வியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

4

வங்கி வாசலில் டீயோடு நின்ற அண்ணனைப் போனில் பார்த்த அன்றுதான் அது மனசில் தைத்தது. அவன் வங்கிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

ராணுவத்திலும் அப்படித்தான். தலைநகரத்து அணிவகுப்பு, பெரிய விளையாட்டு விழா, வெளிநாட்டுத் தலைவர்கள் வந்த மாநாடு என்று எத்தனையோ விழாவுக்கு அவன் பிரிவு காவல் நின்றிருக்கிறது. காவல்காரன் விழாவைப் பார்க்கக்கூடாது. வானத்தில் அவனுக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியிருப்பார்கள், அதைப் பார்க்கவேண்டும். விழா முதுகுக்குப் பின்னால் நடக்கும். "சத்தம் கேக்கும், திரும்பப்படாது," என்பான். ஊரில் யாராவது, 'அணிவகுப்பெல்லாம் கிட்டக்க பாத்திருப்பியேடே' என்று கேட்டால், 'ஆமா அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். அத்தனை விழாவில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசிநாள் பெண்கள் தொடர் ஓட்ட இறுதிப் போட்டிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தேன். பதினான்காவது வரிசை. ஒருதடவையாவது அவன் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கிற திசையில் பார்க்கவேண்டும். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு நான் ஒரு அழைப்புக் கடிதம் எழுதவேண்டும்.

நம் ஊரில் ஒருவரைச் சிபாரிசு செய்தால் எப்படிச் செய்வோம்? வாடகை வீடானாலும் பெண் கேட்பதானாலும் முதல் வார்த்தை, 'அவுக மிலிட்டரிக்காரவுக.' அதற்கப்புறம் கேள்வி கிடையாது, கதவு திறந்துவிடும். அதே பழக்கத்தில் என் கடிதத்தின் முதல் வரியை எழுதினேன்: 'என் அண்ணன் பதினேழு ஆண்டுகள் ஏவுகணைப் பிரிவில் பணியாற்றியவர்.' இன்னும் கொஞ்சம் மெருகு ஏற்றுவோமே என்று ரெண்டாவது வரி: 'எங்கள் மாடியில் நிறுத்தப்படவிருக்கும் ஏவுகணையைக் காண்பதில் அவருக்கு மிகுந்த ஆர்வம் உண்டு.' அதற்குக் கீழே என் முழு முகவரி.

அவனுக்கு அந்த ஆர்வம் துளியும் கிடையாது. அது என் ஆர்வம். அழகாக எழுதிவிட்டோம் என்ற திருப்தியில் ரெண்டுதரம் வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அண்ணன் லீவு போட்டு, ரயிலேறிச் சென்னைக்குப் போய், கைரேகை வைத்துவிட்டு வந்தான். மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் எனக்கு ஒரு மின்னஞ்சல்: 'மேற்படி ஆயுதத்தில் விண்ணப்பதாரருக்கு உள்ள ஆர்வத்தின் தன்மை யாது? அழைப்பாளர் நேரில் வந்து விளக்கவும்.'

5

அண்ணனிடம் சொல்லாமல் மறைக்க ஒருநாள் பார்த்தேன், முடியவில்லை.

"ஏட்டி, ஒனக்கு கூறு இருக்கா? அங்கன மாடியில மிசைல் இருக்கு, இங்கருந்து மிசைல்காரன் வாரான்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. நான் அந்த ஆபீசரா இருந்தா என்ன செய்வேன் தெரியுமா?"

"என்ன செய்வ?"

"ஒன்னப் பிடிச்சு உள்ள வைப்பேன்."

சிரித்தான். சிரித்துவிட்டு, "வரலன்னா என்ன இப்ப. டிவியில பாத்துக்கிடுதேன். கழுத்து வலிக்காது," என்றான். அந்தச் சமாதானம்தான் என்னைச் சுட்டது. போட்டி முடிய பன்னிரண்டு நாள் இருந்தது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெல்லிய மனிதர், முன்னால் என் கடிதத்தின் அச்சுப் பிரதி. ரெண்டாவது வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

"உங்கள் அண்ணன் ஏவுகணையைப் பார்க்க வருகிறாரா?"

இந்தமுறை மரியாதையாக 'நீங்கள்' போட்டுப் பேசுவதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "இல்லீங்க. அவர் வேண்டிய மட்டும் ஏவுகணை பார்த்துவிட்டார். ஒரு ஓட்டப்பந்தயம்தான் பார்த்ததில்லை."

"பதினேழு வருஷம் விழாக்களில் காவல் நின்றவர் என்று படிவத்தில் போட்டிருக்கிறாரே?"

"நின்றார். திரும்பி நின்றார்."

அவருக்குப் புரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டினேன். அடுத்த டோக்கன்காரர் பயந்து ரெண்டடி தள்ளிப் போனார். திரும்பியபோது கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் என் பக்கம் வந்திருந்தது.

"இதை எழுதிக் கொடுங்கள்," என்றார். "அந்த ரெண்டாவது வரி இல்லாமல்."

அங்கேயே நின்றபடி எழுதினேன். பதினேழு வருஷம் மற்றவர்கள் பார்ப்பதற்காக முதுகு காட்டி நின்றவர், பதினான்காவது வரிசையில் முகம் காட்டி உட்காரவேண்டும் என்பதற்காக அழைக்கிறேன், வேறு நோக்கம் இல்லை. மெருகு எதுவும் போடவில்லை.

கடைசிப் போட்டிக்கு மூன்றுநாள் முன்னால் விசா வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. எட்டாவது மாடியைத் தாண்டி மேலே ஒரு படிகூட ஏறமாட்டேன் என்று அண்ணன் கையெழுத்திடவேண்டும். போட்டான். வந்து இறங்கியதும் என் வாசலுக்கு வெளியே மேலே போகிற படிக்கட்டை ஒருதரம் பார்த்தான். "இந்தப் படிக்கா இம்புட்டு பேப்பர்?" என்றான்.

6

அரங்கத்தில் முதல் அரைமணி நேரம் அவன் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. சுற்றியிருந்த கட்டட உச்சிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடக்கு மூலையில ஒருத்தன் நிக்கான், பாத்தியா? அவனுக்கு வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்கும், பாவம்."

"அண்ணே, கீழ பாரு."

"பாக்கேன், பாக்கேன்." கண் மறுபடி மேலே.

தொடக்கத் துப்பாக்கி வெடித்ததும் அவன் தோள் தூக்கிப்போட்டது. பக்கத்து இருக்கைக் கிழவர் சிரித்துவிட்டு மிட்டாய் நீட்டினார். பெண்கள் தொடர் ஓட்டத்துக்கு நாலு நாலு பேராக வந்து நின்றபோதுதான் அண்ணன் முழுசாகத் திரும்பினான். பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டரில் மாவட்டம் வரைக்கும் போனவன் அவன். மூன்றாவது சுற்று முடிவதற்குள் இருக்கை மேல் ஏறி நின்று, "விடாத தாயி, விடாத!" என்று சுத்தமான இலத்தூர்த் தமிழில் கத்திக்கொண்டிருந்தான். பின்வரிசைக்காரர்கள் முறைத்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. எத்தனைபேர் முறைத்தாலும் இழுப்பதாக இல்லை.

7

வீடு திரும்பும்போது சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கோடையில் இங்கே சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனசு வராது. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றோம். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு ராணுவப் பெண் வெளியே வந்தாள். மாடியில் முறைக்காவல் முடித்து இறங்கியவள், முப்பது வயதிருக்கும், கையில் சார்ஜென்ட் பட்டை, நம் ஊர் ஹவில்தார் மாதிரி. பத்து நாளாக லிஃப்டில் வணக்கம் சொல்லிக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு. பிடரியில் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். "கழுத்து வலிக்குதான்னு கேளு."

கேட்டேன். இவன் யார், என்ன வேலை பார்த்தவன் என்பதையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து நின்றாள். அவனும் தன்னையறியாமல் நிமிர்ந்தான்.

"டூட்டியில போனை வாங்கி வச்சிருப்பாவ. ஓட்டம் என்னாச்சுன்னு தெரியாதுல்லா இவுகளுக்கு?"

தெரியாது என்றாள். முகாமுக்குப் போனதும் கேட்டுக்கொள்வாளாம்.

"நில்லுங்க ஹவில்தாரம்மா, நான் சொல்லுதேன்," என்றான். முடிவை முதலில் சொல்லவில்லை. யார் ஓடினார்கள் என்றும் சொல்லவில்லை. அவன் கேட்ட முதல் கேள்வி இது: "ஆறேகால் வாக்குல ஒரு பெரிய சத்தம் கெளம்பி, பாதியில அறுந்தாப்ல நின்னுச்சா?"

மொழிபெயர்த்தேன். அவள் கை பிடரியிலிருந்து இறங்கியது. "ஆமாம். ஏதோ நடந்துவிட்டது என்று பயந்தோம்."

"அது ஒங்க நாட்டுப் பிள்ள மூணாவது ஆளுட்ட கட்டையக் குடுக்கயில கை நழுவுனது. கீழ விழல. விரல் நுனியில பிடிச்சிட்டா. ஆனா அஞ்சாவதாப் போயிட்டா." தரையின் சதுரக் கற்களை ஓடுபாதையாக்கி, குனிந்து, கையை நீட்டிக் காட்டினான். "அதுக்குப் பொறவு கொஞ்சநேரம் ஒண்ணுமே கேட்டிருக்காது."

"கேட்கவில்லை."

"எல்லாரும் மூச்சப் பிடிச்சிட்டு இருந்தோம். பொறவு மெல்ல மெல்ல ஏறிட்டே வந்துச்சா, மழை வாரமாதிரி? அது கடைசிப் பிள்ள ஒவ்வொருத்தியாத் தாண்டுனது. நாலு, மூணு. கடைசில கோட்டுகிட்ட வந்து திரும்ப நின்னுருக்கும் சத்தம். ரெண்டாவதா மூணாவதான்னு தெரியாம எல்லாரும் பலகையப் பாத்துட்டு நின்னோம். அப்புறம் ஒரு வெடி. அதுதான் ரெண்டாவதுன்னு போட்டது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மாடியில் கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் எடுத்து, அவன் சொன்ன இடத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. முடிந்ததும் அண்ணனின் கையை ரெண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு, அதை அவனிடம் சொல்லும்படி எனக்குத் தலையசைத்தாள்.

"அண்ணே, ஒனக்கு இப்படி யாரும் வந்து சொல்லியிருக்காவளான்னு கேக்காவ."

"இல்ல." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவ தலைநகரத்து அணிவகுப்பு. நல்ல குளிர். எனக்கு மேற்கு வானம். பின்னால பேண்டு சத்தம், குதிரைச் சத்தம், எல்லாம் எதுன்னு தெரியும். திடீர்னு மொத்தக் கூட்டமும் ஒண்ணுபோலச் சிரிச்சுது. சின்னப் பிள்ளையிலேருந்து பெரியவுக வரைக்கும். ரொம்பநேரம் சிரிச்சாவ. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவனோடு வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. அவர்களும் வானத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் கதவு தானாக மூடி, மேலே போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

அண்ணன் ஊருக்குப் போய் ஒரு வருஷமாகிறது. பழையபடி வங்கி வாசல். நிர்வாகத்துக்கு 'இந்தப் பறவை திரும்பி வராது' என்று பதில் எழுதிவிட்டேன், நாளைக்குக் கூரை பார்க்க ஆள் வருகிறார். என்னால் முடிந்தது அவ்வளவு. மிச்சம் உங்களிடம்தான் இருக்கிறது. குளிர்காலத்து அணிவகுப்பு ஒன்றில், குதிரைகள் போனதற்கு அப்புறம், கூட்டம் மொத்தமும் சிரித்தபோது அங்கே உட்கார்ந்திருந்தவர் யாராவது இதை வாசித்தால், எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒருவரி எழுதிப் போடுங்கள். தென்காசியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வங்கிக்கு முதுகு காட்டி நிற்கிறவரிடம் நேரில் சொன்னாலும் சரி. அவர் வேலையில் இருக்கும்போது திரும்பமாட்டார். நீங்கள்தான் முன்னால் போய் நிற்கவேண்டும்.